இடது கதவு மட்டும் என்னுது

மச்சான்,

இன்றைக்குக் காலையில் ஒருத்தர் பழைய வண்டி ஒன்றைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினார். "அண்ணே, இதை வச்சிருந்தா வெலை ஏறுமா, இல்ல எடைக்குப் போட்ருவமா?" என்று கேட்டார். நான் முன்கதவைத் திறந்தேன், கால்மிதியைத் தூக்கினேன், மண்டி போட்டு உட்கார்ந்து மூக்கைத் தரையோடு வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். கூட வந்த அவர் வீட்டம்மா, "என்னங்க, இவருக்கு மேலுக்கு முடியலையா?" என்று மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது.

வாடை வந்தது. ஈர வேட்டியைச் சுருட்டி மூணு நாள் பைக்குள் போட்டு வைத்தால் வருமே, அது. அதில் கொஞ்சம் விபூதி, கொஞ்சம் கடல்.

"ராமேசுரத்துல வாடகைக்கு ஓடுன வண்டிதானே இது?" என்றேன்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "புக்குல சொந்த உபயோகம்னுதான் இருக்கு. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும்! என் முகத்தில் மூக்கு என்று ஒன்று இருப்பதே நீ சொல்லித்தானே எனக்குத் தெரியும். ஊரே கடற்காற்றுதான் வண்டியைத் தின்கிறது என்று வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது, நீ ஒருத்தன்தான் உள்ளே பார்த்தாய். கடலில் முங்கி, கோயில் தீர்த்தம் அத்தனையும் தலையில் ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட வந்து சீட்டில் உட்காருகிற கூட்டம். அந்தத் தண்ணீர் கால்மிதிக்கு அடியில் போய்த் தங்கிவிடும். மேலே பெயிண்ட் பளபளக்கும், கீழே தகரம் அப்பளமாக இருக்கும். "காரைப் பாக்க முன்னம், அதிலை ஆர் ஆர் இருந்தவை எண்டு கேள்" என்பாய். நான் அப்போது, "ஏலே, பொண்ணு பாக்கப் போறவன்கூட இம்புட்டு விசாரிக்க மாட்டான்" என்று கேலி செய்வேன்.

நீ முதல்முதலில் என் பட்டறைக்கு வந்தது கார் பார்க்க இல்லை, சுவருக்கு வெள்ளையடிக்க. மண்டபம் அகதிகள் கேம்ப்பிலிருந்து காலை பஸ்ஸில் வாளியும் பிரஷ்ஷுமாக வந்து இறங்கினாய். நான் ஒரு அடிபட்ட வண்டிக்குப் பட்டி பூசிக்கொண்டிருந்தேன். ஏணி மேலிருந்தே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, "அண்ணை, நான் சுவரிலை பூசினதை விட நீங்கள் அந்தக் கதவிலை கனக்கப் பூசிப் போட்டியள். அது இப்ப காரோ, வீடோ?" என்றாய்.

எனக்கு அஞ்சாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. வாயில் மட்டும் எவனும் என்னை ஜெயித்தது கிடையாது. அன்றைக்கு ஒரு வெள்ளையடிக்க வந்தவனிடம் தோற்றேன். அன்றிலிருந்து நீ எனக்கு மச்சான்.

அப்புறம் ஆரம்பித்ததுதான் நம்முடைய பழைய வண்டி வேட்டை. நீ கண், நான் கை. நீ தேர்ந்தெடுப்பாய், நான் சரிசெய்வேன், விற்போம். கேம்ப் ஆள் பேரில் வண்டி எழுதுவது அந்த நாளில் பெரிய பாடு. அதனால் வாங்கியதெல்லாம் என் பேரில். பொழுது சாய்வதற்குள் நீ கேம்ப்புக்குத் திரும்ப வேண்டும், ஆட்களைக் கணக்கெடுக்கிற நாளில் அசையவே முடியாது. அதனால் உன் உலகம் அரை நாளில் போய்த் திரும்புகிற தூரம்தான். சிக்கல், ஆர்.எஸ்.மங்கலம், ஏர்வாடி, மிஞ்சிப்போனால் பரமக்குடி. இப்போது செல்போனைத் திறந்தால் பெரிய பெரிய ஊர்க்காரர்கள் எல்லாம் 'விலை ஏறப் போகும் பத்துக் கார்கள்' என்று பேசுகிறார்கள். நானும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்றுவிடாமல் பார்க்கிறேன். பத்தில் ஏழு நீ அப்போதே சொன்னது. இந்த அரை நாள் வட்டத்துக்குள் பஸ்ஸில் போய்வந்த ஒருத்தனுக்கு அது எப்படித் தெரிந்தது? அந்த யோசனையைத்தான் என்னால் விட முடியவில்லை.

ஒருமுறை நேராகவே கேட்டேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மன்னார்ப் பக்கத்தில் சண்டைக் காலத்தில் பெட்ரோல் வராமல் போனதையும், உங்கள் ஊர்க் கிழட்டு ஏ-ஃபார்ட்டி காரை மண்ணெண்ணெயில் ஓட்டியதையும் சொன்னாய்.

"மண்ணெண்ணையிலயா? அது காரா, அடுப்பா?"

"ரெண்டும்தான். வாசத்துக்கு நாய்கூடக் கிட்ட வராது. ஆனால் சனம் அதை விக்கேல்லை, மச்சான். புதுசு இனி வராது எண்டு தெரிஞ்சவுடனை, இருக்கிறதைத் துடைச்சுத் துடைச்சு வைச்சிருந்தவை."

"அப்ப பழசெல்லாம் வெலை ஏறும்ங்கிறியா?"

"உனக்கு விசரே? பழசெல்லாம் ஏறினால் பேரீச்சம்பழக்காரன் எப்பவோ மாடி வீடு கட்டியிருப்பான். விலை ஏறுறது காருக்கில்லை, ஏக்கத்துக்கு. இருபது வயசிலை வாங்க ஏலாமல் எட்டி நிண்டு பாத்தவன் இருக்கிறானெல்லே, அவனுக்கு நாப்பத்தஞ்சு வயசிலை கையிலை காசு வரும். அப்ப அவன் எதைத் தேடி வருவான்? அதை இப்பவே வாங்கி வை."

எனக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதி சிக்கலில் புரிந்தது.

சிக்கலில் ஒரு விவசாயி வீட்டுக் கொட்டகையில், மிளகாய் மூட்டைகளுக்குப் பின்னால் சியரா என்ற அந்த ஜீப் மாதிரிக் கார் நின்றது. ரெண்டே கதவு. பின்பக்கத்துக் கண்ணாடி கூரை வரை வளைந்து ஏறியிருக்கும். பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரப் பெரியவருக்கு எங்களைப் பார்த்து ஆச்சரியம்.

"இந்தக் கட்டை வண்டிக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக? என் தம்பி ஆசப்பட்டு வாங்குனது. ரெண்டு தடவ சந்தைக்குப் போனான். அஞ்சு பேரு பின்னாடியிருந்து எறங்குறதுக்குள்ள சந்தையே கலைஞ்சு போச்சு. அத்தோட விட்டுட்டான்."

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து துணி சுற்றிய காந்தத்தை எடுத்து, வண்டியைச் சுற்றி ஒட்டிக்கொண்டே போனாய். எங்கும் விழவில்லை, பட்டியே கிடையாது. கால்மிதியைத் தூக்கி மோந்தாய். கரிசல் மண் வாடை, கொஞ்சம் மிளகாய் நெடி, மூணு தும்மல். அவ்வளவுதான், உப்பு இல்லை. டூல்ஸ் பை, ஜாக்கி, வாங்கும்போது கொடுத்த புத்தகம், ரெண்டு சாவி, எல்லாம் இருந்தது. வளைந்த கண்ணாடியை உள்ளங்கையால் தடவினாய். "இது உடைஞ்சால் பிறகு கிடையாது" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாய். அதற்கு அப்புறம்தான் உன் கேள்வியைக் கேட்டாய்.

"ஐயா, ஊரிலை ஆரும் இதை நிண்டு பாக்கிறவையோ?"

"பாக்குறதா? பள்ளிக்கூடம் விட்டு வாற பயலுக பூராவும் இங்கன வந்து கண்ணாடியில மூக்கை ஒட்டிட்டு நிப்பானுக. அந்த அழுக்கைத் தொடைக்க ஒரு ஆளு போடணும்."

உன் முகம் அப்போது எப்படி மலர்ந்தது தெரியுமா? பெரியவர் தப்பாக நினைத்துவிட்டார். "ஏன் தம்பி, ஒங்களுக்கு மூக்குச் சளின்னா அம்புட்டுப் பிரியமா?" என்றார்.

அந்த மாதமே நானும் ஒன்று வாங்கினேன், நினைவிருக்கிறதா? ஆர்.எஸ்.மங்கலத்தில் ஒரு வெள்ளை வண்டி. சுவிட்சை அமுக்கினால் கண்ணாடி இறங்கும். "என்னது வெலை ஏறும், ஒன்னது கோழிக்கூடு" என்று உன்னைக் கிண்டல் பண்ணினேன். வீதிக்கு நாலு இருந்த அந்த வண்டியை எவனும் எட்டி நின்று பார்த்ததில்லை. கடைசியில் எடைக்குத்தான் போனது. நீ ரெண்டு நாள் கோழி மாதிரி கொக்கரித்துக்கொண்டு மட்டும் திரிந்தாய்.

சியராவை மட்டும் விற்கக் கூடாது, நாள் வரும்வரை வைத்திருக்க வேண்டும் என்றாய். அது நம் வியாபாரக் காசில் வாங்கியது இல்லை. வெள்ளையடித்து நீ தனியாகச் சேர்த்தது. பேர் மட்டும் என் பேர். உன் மகளுக்கு என்று நீ வைத்திருந்த சொத்து அது ஒன்றுதான். அதை மண்டபத்துப் பக்கமே கொண்டுபோகக் கூடாது, உப்புக்காற்று படும் என்று சத்தியம் வாங்கினாய். என் பட்டறையிலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமை நான் ஓட்ட, இடது பக்கம் நீ உட்கார, சத்திரக்குடி வரை போய்த் திரும்புவோம். உன் வீட்டு வாசலை அந்த வண்டி பார்த்ததே இல்லை. உன் சாவுக்குக்கூட நான் பஸ்ஸில்தான் வந்தேன், மச்சான். எடுத்துக்கொண்டு வந்திருந்தால் எழுந்து உட்கார்ந்து திட்டியிருப்பாய்.

இப்போது அந்தக் கதவு விஷயத்துக்கு வருகிறேன். நீ நெஞ்சு ஆபரேஷனுக்கு மதுரையில் ஒரு மாதம் கிடந்தாயே, அப்போது செய்தது. இடது கதவில் வெயில் பட்டுப் பட்டு நிறம் மங்கிப் போயிருந்தது. கீழ் ஓரத்தில் ஏதோ மாட்டுக் கொம்பு கிழித்த கோடு. நீ ஏறி இறங்குகிற பக்கம் அது. மதுரையிலிருந்து திரும்பி வருகிறவன் பளபள என்று ஒரு கதவைத் திறந்து ஏறட்டுமே என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த மரியாதை அது ஒன்றுதான். எட்டு நாள் உட்கார்ந்தேன். தேய்த்தேன், பட்டி பார்த்தேன், நிறத்தைக் கலந்து கலந்து பார்த்து அடித்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு வேலை அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

நீ வந்தாய். தோளில் துண்டு, நடையில் ஒரு பயம். கதவின் முன்னால் நின்றாய்.

"நிறத்தை எப்பிடிப் பிடிச்சனி?" என்றாய்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிறம் கலந்த கதையை முழுசாகச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "மச்சான், நல்ல பெயிண்ட் எப்பவும் ஆரும் அடிக்கலாம். கொம்பனி அடிச்ச பெயிண்டை இனி ஒருத்தராலையும் அடிக்கேலாது. அது மங்கியிருந்தால்தான் விலை" என்றாய்.

உன் மகளின் சொத்தில் எட்டு நாள் உட்கார்ந்து ஓட்டை போட்டிருக்கிறேன், அதுவும் சிரித்துக்கொண்டே. நீ என்னை ஒரு அறை அறைந்திருக்கலாம். சிரித்தாய். "சரி விடு. இடது கதவு உன்ரை கார். மிச்சம் என்ரை கார்" என்றாய். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும், "உன்ரை காருக்குள்ளாலை ஏறி என்ரை காருக்கை இருக்கப் போறன், வழி விடு" என்பாய். ரெண்டு வருஷம் சொன்னாய். நிஜமாகவே உனக்குக் கோபம் வரவில்லையா? இல்லை, நெஞ்சு தையல் பிரிந்துவிடும் என்று அடக்கிக்கொண்டாயா? கேட்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே உன்னை விட்டுவிட்டேன்.

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. நானும் எஃப்.சி. எடுத்து, டயர் மாற்றி, ஞாயிற்றுக்கிழமை ஒற்றை ஆளாக ஓட்டிக்கொண்டிருந்தேன். இந்த வருஷம் அதே பேரில் புது வண்டி ஒன்று ரோட்டில் ஓட ஆரம்பித்தது. அதைப் பார்த்தவனுக்கெல்லாம் பழசின் ஞாபகம் வந்துவிட்டது. போன் மேல் போன். நாள் வந்துவிட்டது என்று உன் மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் கேம்ப்பில் ஒற்றை மெஷினை வைத்துத் துணி தைக்கிறாள். ரோட்டோரம் ஒரு கடை பிடித்து உட்கார வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாள் ஆசை. அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "புத்தகத்திலை உங்கடை பேர்தானே மாமா. உங்கடை விருப்பம்."

தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

போன ஞாயிறு கோயமுத்தூரிலிருந்து ஒருத்தர் வந்தார். நாப்பத்தஞ்சு வயது இருக்கும், நல்ல வசதி. காரைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் நேரே போய் அந்த வளைந்த கண்ணாடியில் மூக்கை ஒட்டினார். நான் அசந்து நின்றேன். நீ சொன்ன ஆள் நடந்து வந்து என் பட்டறையில் நிற்கிறான்! நான் வரச் சொல்லியிருந்த உன் மகள் டீ கொண்டுவந்தாள். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவர் பையிலிருந்து தீப்பெட்டி மாதிரி ஒரு கருவியை எடுத்து, பெயிண்ட் மேல் வைத்து வைத்து எத்தனை கனம் என்று நம்பர் பார்த்தார். நம் காந்தத்தின் பேரப்பிள்ளை. வலது பக்கம் சரி. பின்பக்கம் சரி. இடது கதவில் வைத்தார். திரும்ப வைத்தார்.

"இங்க மட்டும் மூணு மடங்கு காட்டுதே. பட்டி போட்டிருக்கு. போன்ல பூரா ஒரிஜினல் பெயிண்ட்னு சொன்னீங்களேங்க?"

ஆமாம் மச்சான், சொன்னேன். உண்மையைச் சொன்னால் உன் மகளுக்கு வருவது குறையும். அதோடு, என் வேலையை எவன் கண்டுபிடிக்க முடியும் என்ற திமிரும்தான்.

"கதவுலயே பொய்யின்னா உள்ள என்னென்ன இருக்கோ. வேண்டாங்க" என்று கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். உன் மகள் டீ கிளாஸைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. இதுவும் இல்லையா, சரி என்கிற மாதிரி இருந்தது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

வாசல் வரை ஓடிப்போய் மறித்தேன். "சார், பொய்தான். அந்தக் கதவு நான் அடிச்சது. ஆக்சிடென்ட் இல்ல. ஒருத்தன் ஆஸ்பத்திரியிலருந்து வாரான்னு ஆசையில அடிச்சுட்டேன். இன்னொரு பொய்யும் இருக்கு, அதையும் கேட்டுட்டுப் போங்க. இது என் வண்டியே இல்ல." சிக்கல் கொட்டகையிலிருந்து ஆரம்பித்துக் கோழி உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நல்லது செய்கிறேன் என்று இன்னும் கெடுத்தேனா என்று பாதியில்தான் உறைத்தது. அவர் முகம் சுருங்கியது.

"அப்ப இது யாரு வண்டிங்க? நாளைக்கு யாராச்சும் வந்து என்னதுன்னு கேட்டா நான் எங்க போறது?"

அப்போதுதான் உன் மகள் கிளாஸைக் கீழே வைத்தாள். "கேக்கிறதெண்டால் நான்தான் கேக்கவேணும், ஐயா. நான் கேக்கேல்லை. நான் தாறன்."

உன் குரல் மாதிரியே இருந்தது. அதே நிதானம். அந்த மனுஷன் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். உன்னைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். யார் கண்டுபிடித்தது, எதை வைத்து, ஏன் கடல் பக்கம் கொண்டுபோகவில்லை, எல்லாம். கதவுக்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார், குறைக்கத்தானே வேண்டும். மீதி உன் மகள் கையில் நேராகப் போனது. மண்டபத்தில் ரோட்டோரக் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாள். சாவியை வாங்கும்போது அவர் சொன்னார்: "இந்த மாதிரி வண்டிக்கு ஆர்.சி. மட்டும் பத்தாதுங்க. எங்க நின்னுச்சு, யாரு வச்சிருந்தாங்க, யாரு கை பட்டுச்சு, அத்தனையும் ஃபைல்ல இருக்கோணும். நீங்களே ஒங்க கையால எழுதிக் குடுங்க. கதவையும் சேர்த்து எழுதுங்க."

பரீட்சைக்குக்கூட நான் இவ்வளவு எழுதியதில்லை. நாலு நாளாக எழுதுகிறேன். அவருக்கு எழுத உட்கார்ந்தால் உன்னோடு பேசுகிற மாதிரி ஆகிவிடுகிறது. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். அப்புறம்தான் யோசித்து, இதைத் தனியாக உனக்கும், ஒரு தாளைத் தனியாக அவருக்குமாகப் பிரித்துக்கொண்டேன். இதில் உன் பேரை எங்கும் எழுதவில்லை. எனக்கு நீ மச்சான், அது போதும். அவர் தாளில் உன் பேரை, உன் அப்பா பேரோடு சேர்த்து, முழுசாக எழுதினேன். கண்டெடுத்தவர், காசு கொடுத்து வாங்கியவர், சாகிறவரை வைத்திருந்தவர் என்று எழுதினேன். இத்தனை வருஷம் இத்தனை வண்டி பார்த்தவன் பேர் ஒரு வண்டித் தாளில் வருவது இதுதான் முதல் தடவை என்பது எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது.

அந்தத் தாளைக் கோயமுத்தூருக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். ஆர்.சி. புத்தகத்தை அவர் கொண்டுபோய்விட்டதால் அதன் பிளாஸ்டிக் உறை காலியாகக் கிடந்தது. அதற்குள் மடித்து வைத்தேன், அளவு சரியாக இருக்கிறது. சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன். நாளைக்குப் போலீஸ்காரர் யாராவது என்னை நிறுத்தி, "வண்டி யார் பேருல இருக்கு, எடு பாப்போம்" என்று கேட்டால் எடுத்துக் காட்டிவிடுவேன்.